பிசிரில்லாத துளை

மத்திகிரி,
ஞாயிறு காலை.

அன்புள்ள ரஞ்சிதாவுக்கு,

மணிவேல் எழுதுகிறேன். கோவில்பட்டியில் வெயில் கூடுதலாக இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே பனி இன்னும் விலகவில்லை. மாட்டுப் பண்ணைப் பக்கத்து மரங்கள் தண்ணீருக்குள் நிற்பவைபோல் தெரிகின்றன.

போன் செய்தால் அத்தைதான் எடுக்கிறார்கள். "அவ தூங்குதா மாப்ள" என்று சொல்லும்போது பக்கத்தில் உன் வளையல் சத்தம் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

பிரஸ் மெஷினில் உன் இரண்டு விரல்கள் போனபோதுகூட நீ ஆஸ்பத்திரியில் அழவில்லை. வீட்டுக்கு வந்து தலைவாரும்போது சீப்பு நழுவி விழுந்ததே, அப்போதுதான் "இனிமே இதுகூட முடியாதா?" என்று அழுதாய். மறுநாளே ஊருக்குப் போகவேண்டும் என்றாய்.

அந்தச் சீப்புக்காக ஒரு வேலை ஆரம்பித்தேன். உள்ளங்கையைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை. அதில் நீளமாக ஒரு துளை. சீப்பு, கரண்டி, பேனா, எதன் காம்பையும் அதில் செருகிக்கொள்ளலாம். டிரில் போட்டால் ஓரத்தில் பிசிர் நிற்கும், இப்போதுதான் ஆறிய உன் தோலைக் கீறும். ஆகவே இரும்பைத் தொடாமலே கரைக்கிறேன். உப்புத் தண்ணீரில் பட்டையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் செம்பு எலக்ட்ரோடை மைனஸிலும் கட்டி, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டால், செம்பின் வடிவம் ஸ்டீலில் குழியாக இறங்குகிறது.

எலக்ட்ரோடு செய்வதில்தான் கஷ்டம். முதலில் வெறும் செம்புத் தகடு வைத்தேன். பக்கவாட்டிலும் கரண்ட் பாய்ந்து துளையின் வாய் புனல்போல் அகன்றுவிட்டது. அடுத்ததற்குப் பக்கங்களில் வார்னிஷ் பூசி, நுனியை மட்டும் விட்டேன். கரைந்த சகதி இடுக்கில் தங்கி, செம்பு முட்டி, பொறி பறந்து பட்டை கருகியது. விட்டுவிடலாம் என்றிருந்தேன். கம்பெனி டூல்ரூமில் என்னோடு வேலை செய்யும் அசோக்குமார்தான், "தண்ணி நிக்கக் கூடாதுடா, ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றான். செம்புக் குழாயைத் தட்டித் தட்டையாக்கி, மீன்தொட்டி மோட்டார் வாங்கி, அந்தக் குழாயின் உள்ளேயே உப்புத் தண்ணீரைப் பாய்ச்சினேன்.

வீட்டுக்கார நாராயணம்மா எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, மீனே இல்லாத தொட்டிக்கு மோட்டாரா?" என்றார். உனக்காக என்றதும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

நீயும் பார்த்திருக்க வேண்டும். செம்பிலிருந்து வெள்ளைக் குமிழிகள் கொத்துக்கொத்தாக எழுகின்றன. ஸ்டீலிலிருந்து பச்சையும் காவியுமாக ஒரு மேகம் விரிந்து கலைகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஈரத் தலையோடு ஜன்னலோரம் நிற்பதுபோல் இருந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாய்.

பயப்படாதே, ஜன்னல், கதவு எல்லாம் திறந்துவைத்து, கையுறை போட்டுத்தான் செய்கிறேன். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதில்லை. கேனில் சேர்த்துக் கம்பெனிக் கழிவுத் தொட்டிக்குக் கொண்டுபோய்விடுகிறேன்.

நேற்று, துளையின் நடுவில் கரையாமல் மிஞ்சிய மெல்லிய ஸ்டீல் சில்லு தானாகக் கழன்று விழுந்தது. துளையின் ஓரத்தை விரலால் தடவினேன், கன்னத்தில் வைத்துத் தேய்த்தேன். எங்கும் கீறவில்லை. நீ விட்டுப்போன சீப்பைச் செருகினேன், ஆடாமல் நின்றது.

இனிப் பட்டையை வளைக்க வேண்டும். எந்த அளவுக்கு என்றுதான் தெரியவில்லை. கட்டுப் பிரித்த பிறகு நீ அந்தக் கையை எனக்குக் காட்டவே இல்லை. முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாய்.

ஒரு வெள்ளைத் தாளில் கையை விரித்து வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்து அனுப்பு. விரல் இல்லாத இடத்தையும் அப்படியே வரை. கோணலானாலும் பரவாயில்லை. அனுப்ப மனம் வரவில்லை என்றால் நீயே புறப்பட்டு வந்துவிடு. எந்த பஸ் என்று மட்டும் சொல், ஓசூர் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், நான் வந்து சேரும்வரை, அல்லது நீ வந்து சேரும்வரை.

உன்
மணிவேல்