அலாரத்தின் மேல் ஒரு ஜவுளிக்கடை கவர்

அக்டோபர் 18, வெள்ளி

இன்றும் ஹாஸ்டலில் புகை அலாரம் அலறிவிட்டது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு முடிக்குச் சாம்பிராணி காட்டாமல் கல்லூரிக்குப் போனால் அன்று முழுக்கத் தலை பாரம். அதுவும் இந்த ஐப்பசி மழையில் முடி எங்கே காய்கிறது? அறைக்குள் மூச்சு முட்டும் என்று நானும் என் ரூம்மேட் வானதியும் வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு கப் சாம்பிராணி கொளுத்தினோம். எதிர் அறை, இருபத்து மூன்றின் வாசலுக்கு மேலே இருக்கிற வெள்ளை டப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. மாடியே ஈரத் தலையோடு கீழே ஓடியது.

சைக்கிள் ஸ்டாண்டில் ஹாஃபிஸா நோட்டோடு நின்றாள். எங்கள் மாடியின் தீ பாதுகாப்புப் பொறுப்பு அவளுடையது. அதற்காகவே பிறந்தவள் மாதிரி அறை அறையாகப் பெயர் வாசித்தாள். என் முறை வந்ததும் "உள்ளேன் ஐயா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

"எங்க வீட்லயும்தான் சாம்பிராணி போடுவாங்க, எழில். வெளியில வச்சுப் போட்டுக்கயேன்."

மழையிலா? போடி.

அக்டோபர் 24, வியாழன்

வழி கண்டுபிடித்தாயிற்று. தீபாவளிக்கு எடுத்த சுடிதார் வந்த ஜவுளிக்கடை கவர், வெள்ளை நிறம். வானதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏறி, அலாரத்தின் மேல் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன்.

"யாராச்சும் பாத்துட்டா?"

"நாளைக்குச் சாயந்தரமே எடுத்துடலாம்டி."

அக்டோபர் 25, வெள்ளி

டப்பா வாய் திறக்கவில்லை. முடி நன்றாகக் காய்ந்தது. கவர் அப்படியே இருக்கட்டும், ஒவ்வொரு வாரமும் யார் ஏறுவது?

நவம்பர் 8, வெள்ளி

மனசு ஒரு நிலையில இல்ல. எழுதினாத்தான் அடங்கும்.

வானதிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூங்கினாள். கதவைச் சாத்திவிட்டு நான் மட்டும் காலை எட்டு மணிக்கு மெஸ்ஸுக்கு இறங்கினேன். எதிர் அறைப் பெண்கள் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. ஸ்விட்சை அணைக்காமல், அயர்ன் பாக்ஸை மெத்தையிலேயே வைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு அவர்களும் சாப்பிட வந்துவிட்டார்கள். பாதிப் பொங்கலில் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியதும் எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

கொஞ்ச நேரத்தில், பெருக்க வரும் அம்சம் அக்கா படியில் நின்று கத்தினார். "மேல ஒரே புகைம்மா! வெளிய ஓடுங்க!"

ஹாஃபிஸா எச்சில் கையோடு ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பெட்டியை அழுத்தினாள். அப்போதுதான் மணியே அடித்தது. சைக்கிள் ஸ்டாண்டில் நோட்டைப் பிரித்தாள்.

"இருபத்து ரெண்டு. எழில்மொழி."

"இருக்கேன்."

"வானதி."

பதில் இல்லை.

"வானதி?"

தூங்குறாளே… மேல தூங்குறாளே! படியைப் பார்த்து ஓடினேன். வார்டன் கமருன்னிஸா மேடம் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "நீயும் போய் மாட்டிக்காத. வண்டிக்குச் சொல்லியாச்சு."

"அவளுக்குப் போன் போடு, ஸ்பீக்கர்ல" என்றாள் ஹாஃபிஸா.

ஆறு தடவை மணி அடித்தபின் வானதி எடுத்தாள். ஹாஃபிஸா குரலை உயர்த்தவே இல்லை. "வானதி, கதவைத் திறக்காத. வராந்தா பூரா புகை. வாளித் தண்ணியில பெட்ஷீட்ட நனைச்சுக் கதவடியில அடை. அடைச்சிட்டியா? இப்ப ஜன்னல்கிட்ட வா. நாங்க கீழதான் நிக்கிறோம்."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. இருமிக்கொண்டே கையை ஆட்டினாள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீயணைப்பு வண்டி வரப் பதினோரு நிமிடம். முகமூடி போட்ட இரண்டு பேர் படியேறிப் போய் அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். எதிர் அறை கரியாகிவிட்டது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. வானதியை மட்டும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பெயர் தெரியாத இரண்டு அண்ணன்களும் நன்றாக இருக்க வேண்டும். அம்சம் அக்காவும்.

மேலே இருந்த அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

நவம்பர் 9, சனி

கவர் உருகி அலாரத்தோடு ஒட்டியிருக்கிறதாம். எதிர் அறைப் பெண்கள்தான் மூடியிருப்பார்கள் என்று எல்லாரும் பேசுகிறார்கள். அவர்கள் அழுகிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஹாஸ்டலை விட்டு அனுப்பிவிட்டால்? அப்பா சம்பாவில் களையெடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாரே. சீ, எனக்கு என் கவலை.

நவம்பர் 10, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வானதிக்குக் குரல் கட்டியிருக்கிறது. அந்தக் குரலிலும் முதல் பேச்சு இதுதான்: "நாற்காலியப் பிடிச்சது நான். நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நானே சொல்றேன்டி.

நவம்பர் 11, திங்கள்

சொல்லிவிட்டேன். மேடம் முழுக்கக் கேட்டார். பிறகு, "எல்லாரும் சாப்பிடப் போனீங்க. அவளுக்குக் காவலுக்கு அங்க இருந்தது அந்த அலாரம் ஒண்ணுதாம்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

மூன்று வாரம் ஹாஸ்டலில் தங்கக் கூடாது. வகுப்புக்கு வரலாம். திரும்பி வந்தபின், வெள்ளிதோறும் மாடியில் எல்லா அலாரத்தையும் நான்தான் சோதிக்க வேண்டும். வானதியை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். படிப்பே போய்விடும் என்று பயந்திருந்தேன். மேடத்தை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

அப்பா சேற்றுக் கறை வேட்டியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "பழி சுமந்த பிள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டியா?" கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். அதற்குள் அப்பா ஹாஃபிஸாவைத் தேடிப் போய்க் கும்பிட்டிருக்கிறார். அவள் கூச்சத்தில் நோட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாளாம்.

நவம்பர் 20, புதன்

தினமும் ஊரிலிருந்து ஐந்தரை மணி பஸ், கும்பகோணத்தில் மாறி இன்னொரு பஸ். இன்றைக்கு பஸ் தாமதத்தில் முதல் வகுப்பு போய்விட்டது. மதியம் பார்த்தால் ஹாஃபிஸா பாடக் குறிப்பை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 6, வெள்ளி

காலை ஏழு மணிக்குத் துடைப்பக் கட்டையின் நுனியால் புது அலாரத்தின் பட்டனை அழுத்தினேன். என்ன சத்தம்! அறைக்கு அறை எனக்குத் திட்டு விழுந்தது; திட்டிக்கொண்டே மாடி முழுக்கக் கீழே இறங்கியது. ஒவ்வொரு திட்டும் காதுக்கு இனிமையாக இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டுக்கு அப்பால் தகரக் கொட்டகையில் எங்களுக்குச் சாம்பிராணி போட மேடம் இடம் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே முதல் ஆளாக முடியை விரித்து உட்கார்ந்திருந்தது யார்? நம் ஹாஃபிஸா. எழுந்து வந்து நோட்டை என்னிடம் நீட்டினாள். "இன்னைக்கு நீ வாசி."

வாசித்தேன். இருபத்து இரண்டு வந்தது.

"வானதி."

பதில் இல்லை. தலையைத் தூக்கிப் படியைப் பார்த்தேன்.

"வானதி!"

"வந்துட்டேன்டி, கத்தாத." தலையில் துண்டோடு கடைசியாகப் படியிறங்கி வந்தாள்.

அவள் பெயருக்கு நேரே டிக் போட்டேன். போதாது என்று பக்கத்தில் இன்னொன்றும் போட்டேன்.