மூன்றாவது நட்சத்திரத்தின் இழுப்பு

உன் நோட்டைத் திறந்ததும் நீலகிரித் தைலம் மணத்தது. மொட்டை மாடிப் பனிக்குப் பயந்து மூக்கில் தடவிக்கொள்வாயே, அதே வாசம். நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. நேற்று உன் மனைவி பீளமேட்டிலிருந்து ஒரு பையோடு வந்தாள். "எடைக்குப் போட மனசு வரலீங்ணா. உங்க ரெண்டு பேரு நட்சத்திரக் கணக்குங். நீங்களே வெச்சுக்கங்" என்றாள்.

பதினோரு வருடம் ஒரே ஓர் இரட்டை நட்சத்திரத்தை அளந்தோம். பெரியதைச் சுற்றிச் சின்னது ஊர்ந்து போவதை, கோணமும் இடைவெளியுமாக. பம்பு கம்பெனி வேலை முடிந்து, நாமே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கியில். அதற்கு நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய்: "ஒருத்தன் நம்பரு இன்னொருத்தன் காதுல உழுகக் கூடாது மாப்ள. கேட்டுட்டா கண்ணு அதையேதான் பாக்கும்." தனித்தனிச் சீட்டில் எழுதுவோம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவது நீ. உன் சீட்டைக் காட்டு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசி மூன்று வருடம் என் அளவுகள் நீ கணக்குப் போட்ட நீள்வட்டப் பாதையை விட்டு விலகின. மெல்ல, ஒரே பக்கமாக. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று சின்னதை இழுக்கிறதோ என்று கேட்டேன். சிரித்தாய். "மூணாவதுமில்ல, நாலாவதுமில்ல. என்ற அளவெல்லாம் கோட்டு மேலயே உக்காந்திருக்குது. நீ போயி கண்ணக் காட்டு, போ."

காட்டினேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். நான் அவரை நம்பவில்லை, உன்னை நம்பினேன். என் அளவுகளைச் சேர்க்க வேண்டாம் என்று நானே சொன்னேன். அழகான நீள்வட்டம் நம் இருவர் பெயரிலும் கட்டுரையாக அச்சானது. அதன்பின் நான் மாடி ஏறவில்லை.

ஆறு வருடம் கழித்து வேறு யாரோ அந்த மூன்றாவதைக் கண்டுபிடித்தார்கள். "நமக்குக் கொடுப்பினை இல்ல, உடு மாப்ள" என்று தோளைத் தட்டினாய். எப்படித் தட்ட முடிந்தது உன்னால்?

நோட்டில் உன் அளவுகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. மையில் எழுதியவை அச்சுக்குக் கொடுத்தவை. பென்சிலில் எழுதியவை நீ உண்மையில் பார்த்தவை. அவற்றுக்கு வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். என்னுடையவை போலவே, அதே பக்கம் விலகுகின்றன. ஓரத்தில் உன் கையெழுத்து: 'அவனுக்கும் இப்படித்தான் வருகிறது. இப்போது வேண்டாம்.' கட்டுரையை ஏற்றுக்கொண்ட கடிதத்தை அதே பக்கத்தில் மடித்து வைத்திருந்தாய்.

நட்சத்திரம் போனால் போகட்டும். என் கண் சரியாகத்தான் இருந்தது என்பது உனக்குத் தெரியும். அதைச் சொல்ல உனக்கு இத்தனை வருடம் இருந்தது.

இன்று காலை பட்டறையில் ஒரு ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்தேன். மாடி ஏறுவதை விட்ட நாளிலிருந்து உள்ள வழக்கப்படி, பக்கத்து லேத்காரரையும் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். "நீங்க பாத்தா செரியாத்தானுங் இருக்கும். நானெதுக்குங் சும்மா சும்மா?" என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் அளந்தார். என் எண்ணையே அவரும் சொன்ன பிறகுதான் ஷாஃப்டைக் கீழே வைத்தேன்.