தாய்மாமன் கண்ணீரும் ப்ளீச்சிங் பவுடரும்

மச்சான்,

இன்று காலை உம் தங்கச்சி பாத்ரூம் கழுவ ப்ளீச்சிங் பவுடர் பொட்டலத்தைப் பிரித்தாள். வாடை மூக்கில் ஏறியதுமே உம்முடைய அழுத மூஞ்சி என் முன்னால் வந்து நின்றது. செத்துப்போனவரை நினைத்தால் மனசு இளகும் என்பார்கள். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

என் மகள் கல்யாணத்தை நீர் மறந்திருக்க மாட்டீர். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபம். சோழபுரத்துச் சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கச் செத்த நேரம்தான் இருந்தது. அவர்களுக்கு ஒதுக்கிய அறையின் பாத்ரூமிலோ மூலையெல்லாம் பாசி, தரையெல்லாம் உப்புக்கறை. சம்பந்தியம்மா பெரிய சுத்தக்காரி. அவள் முகம் சுளித்தால் என் பிள்ளை ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டினேன். பாசிமேல் ப்ளீச்சிங் பவுடரைத் தூவி ஊறப்போட்டேன். நான் யார்? ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலையில் இருந்தவன். என்னைக் கேட்காமல் அங்கே தண்ணீர்கூடக் கொதிக்காது.

அப்போதுதான் நீர் வந்தீர், வாடகைப் பாத்திரக்கடைக்காரர், அண்டா தேய்க்கிற ஆசிட் பாட்டிலோடு.

"மச்சான், அதுமேல ஊத்தாதேயும். ரெண்டும் சேந்தா மூச்சை அடைச்சிரும். மொதல்ல இதை நல்லாத் தண்ணி விட்டு அலசணும்."

"ரெண்டும் அழுக்கை எடுக்கதுதான மாப்ளே? ரெண்டு மாடு பூட்டினா வண்டி வேகமாப் போகும்லா?"

"இது ஒண்ணை ஒண்ணு முட்டுத மாடு!"

"பஞ்சு பொறுக்குன ஆளு தாய்மாமனுக்குப் புத்தி சொல்ல வந்துட்டீரு. தள்ளும்."

ஊற்றினீர். பச்சையும் மஞ்சளுமாகப் புகை கிளம்பியது. மண்டபத்துக்குக் கூரை இல்லையென்றால் ஆண்டாள் கோபுரத்தைத் தொட்டிருக்கும். நாலு பேர் தூக்க வேண்டிய உம்மை ஒற்றைக் கையால் வெளியே இழுத்துப் போட்டேன். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன், ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. டாக்டரிடம் போவோம் என்றால், முகூர்த்தம் முடியட்டும் என்றீர். சம்பந்தி வீட்டாருக்கு மாடி அறையைக் கொடுத்துச் சமாளித்தேன்.

தாய்மாமன் என்று என் மகள் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தீர். உம் கண்ணிலிருந்து குற்றால அருவி. வீடியோக்காரன் லைட்டை உம் முகத்திலேயே நிறுத்திவிட்டான். ஒரு பொம்பளை சொன்னாள்: "தாய்மாமன் பாசத்தைப் பாருங்கடி! பெத்தவன் கல்லு மாதிரில்லா நிக்கான்."

ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீரோ துண்டால் கண்ணைத் துடைத்து, "மனசு தாங்கல" என்றீர். மண்டபமே உருகியது. மகளைக் கட்டிக் கொடுக்கிற அன்றைக்கு நான் கல்நெஞ்சக்காரன் ஆனேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் அந்தக் கேசட் ஓடினாலும் எழுந்து நின்று கத்துவேன்: "அது பாசமில்லை, ப்ளீச்சிங் பவுடரு!" பொறாமை என்று சிரித்தார்கள். விடுவேனா? கல்யாண வீடு கண்ட இடமெல்லாம் பாத்ரூமுக்குள் நுழைந்தேன். 'ஒரு நேரத்துக்கு ஒரு மருந்துதான். ஆசிட்டோ, எலுமிச்சையோ, புளியோ, புளிப்பு எதுவும் ப்ளீச்சிங் பக்கம் வரக் கூடாது. ஜன்னலைத் திற, பிள்ளைகளைத் தள்ளி வை. எங்க மச்சான் மாதிரி செய்யாதே' என்று உம் பேரைச் சொல்லிச் சொல்லியே பாடம் நடத்தினேன். பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயாத ஊருக்கும் உம் முட்டாள்தனம் போய்ச் சேர்ந்தது.

போன மாதம் நீர் போய்விட்டதாகச் சேதி வந்தது. ஊரே கூடியிருக்கும், இந்தத் தடவை எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பினால் உம் மகன் பெண்டாட்டி வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். தரையில் ப்ளீச்சிங் பவுடர், கையில் உம்முடைய ஆசிட் பாட்டில்.

"ஏட்டி, ஊத்தாத!"

பாய்ந்து பிடுங்கினேன். ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது கண்ணிலிருந்து கரகரவென்று கொட்டியது. நிற்கவில்லை. கூடத்துக்கு வந்தால் ஊரே என்னைப் பார்க்கிறது. "எம்புட்டுச் சண்டை போட்டாலும் மச்சான் மேல எம்புட்டுப் பாசம்!" என்றார் ஒருத்தர். ப்ளீச்சிங் பவுடர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உம் வீட்டுக்காரி, "அண்ணே, நீங்களாச்சும் அவியளுக்காக அழுதியளே" என்று விம்மினாள்.

துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். "மனசு தாங்கல" என்றேன்.

பழி தீர்ந்தது. உம் வீட்டிலேயே, உம் வசனத்தையே சொல்லி நானும் பேர் வாங்கிவிட்டேன். ஆனால் மச்சான், ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தப் பவுடர் தரையில் நனைந்து கிடந்தது, தூசி பறக்கவில்லை. ஆசிட்டில் ஒரு சொட்டுகூட விழவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை உம் தங்கச்சி பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். ஆசிட் பாட்டிலைத் தூக்கி மேல்தட்டில் வைத்தேன்.

"ஒரு சாமானை ஒரு எடத்துல வைக்க விடமாட்டியளா?" என்றாள்.

"உங்க அண்ணன் என்னை இன்னொரு தடவை அழ வச்சுப் பேரு வாங்கிரக் கூடாது" என்றேன்.