பானுவிடம் சொன்ன பதில்

ஔந்த், புனே
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

சுப்ரஜா எழுதுவது. நான் நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். கடிதமென்றால் அழுதுகொண்டாவது முடிவு வரை படிப்பாய். உன் மாப்பிள்ளை மனோஜ் உன்னிடம் வந்து கண்ணீர் விட்டாராம். தீபாவளிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச நீ இங்கே வரப்போவதாகத் தம்பி கிட்டு சொன்னான். கிளம்புமுன் இதைப் படித்துவிடு.

அவரை விட்டுத் தனி வீட்டுக்கு வந்த அன்று நீ கேட்டது, "அடிக்கறாரா, குடிக்கறாரா கண்ணு?" இரண்டும் இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றாய். அந்த அப்புறத்தைச் சொல்லத்தான் ஓர் ஆளைத் தேடி அலைந்தேன்.

முதலில் பக்கத்துத் தெருவிலேயே ஒரு மனநல ஆலோசகர். நல்ல மனுஷி, ஆனால் எல்லாம் இங்கிலீஷ். நானும் ஆபீஸ் மீட்டிங் மாதிரி என் எட்டு வருடக் கல்யாணத்தை ஒப்பித்து, தேங்க் யூ சொல்லி எழுந்து வந்தேன். மனோஜ் திட்டியதெல்லாம் தமிழில். அதை இங்கிலீஷில் சொன்னால் பல் பிடுங்கிய பாம்பாகிவிடுகிறது.

அடுத்தவர் வீடியோவில் பேசிய ஒரு பெரியவர், தமிழ்க்காரர். கொஞ்சம் அனுசரித்துப் போனால் என்னம்மா என்றார். அதற்குப் பணம் கட்டுவானேன், உன்னிடமே கேட்டுக்கொள்ள மாட்டேனா? சாகண் தொழிற்பேட்டையில் கார் பாகங்களைச் சோதித்து, தேறாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. அப்படிப்பட்டவள் அந்தப் பெரியவரை வேண்டாம் என்று சொல்லக் கூசி, இன்னும் மூன்று வாரம் அவரிடமே பேசினேன். உன் பெண்ணின் லட்சணம் அப்படி ஆகியிருந்தது.

இப்போது கிடைத்திருப்பவள் பானு, என்னைவிடச் சின்னவள். இங்கே பக்கத்தில் தேஹு ரோடில் பிறந்தவள். ராணுவக் கிடங்கு வேலைக்கு வேலூரிலிருந்து தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். தமிழில் பாதி ஹிந்தியும் மராத்தியும்தான். வாய்க்கு வாய் மனோஜ் என்னைக் கையாலாகாதவள் என்பார் என்றேன். "அப்படின்னா என்ன? பராபர் சொல்லுங்க, சரியா சொல்லுங்க" என்றாள். கையால் எதுவுமே ஆகாதவள் என்று விளக்கினேன். சரி, இன்று காலையிலிருந்து அந்தக் கையால் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சமைத்தேன், சாகணுக்குக் கார் ஓட்டினேன், ஒரு லாரி சரக்கைத் திருப்பி அனுப்பினேன்... சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, அது அப்படியே அழுகையாகிவிட்டது அம்மா. எட்டு வருடத்து அழுகை. வெளியே வந்து இரண்டு வடாபாவ் தின்றேன். இப்படித் தின்கிறாயே என்று சொல்ல யாருமில்லை.

சனிக்கிழமைதோறும் போகிறேன். தொட்டதற்கெல்லாம் சாரி சொல்வது குறைந்திருக்கிறது. நேற்று ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டு ஜெயித்தேன், மராத்தியில்!

போன வாரம் பானு ஒன்று கேட்டாள். உங்கள் வீட்டில் நீங்கள் சொல்வதை நம்புகிறவர் யாராவது உண்டா என்று. நான் யோசிக்கவே இல்லை. எங்க அம்மா என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு நீ மட்டும் வா. என் பதிலைப் பொய்யாக்கிவிடாதே அம்மா.

உன் மகள்,
சுப்ரஜா