இரண்டு பேருக்கு ஒரே எண்

அக்கா,

இன்று காலை சர்க்கரை பார்ப்பதற்காக வெறும் வயிற்றோடு ஊரப்பாக்கத்தில் ஒரு லேபுக்குப் போயிருந்தேன். கையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துத் தேய்த்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உங்கள் நினைவு வந்துவிட்டது. அதுவரைக்கும் அமைதியாகத்தான் இருந்தேன். வெளியே வந்தால் கவுண்டரில் சத்தம். யாரோ ஒரு பெரியவரிடம் வேறு ஆளுடைய ரிப்போர்ட்டைக் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர் அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. நீதான் இன்னாத்தையாவது மாத்தி அடிச்சிருப்ப."

மடக்கிய முழங்கைக்குள் பஞ்சு இருக்க, அப்படியே போய்க் கத்தினேன். "பாத்தீங்களா? பாக்காமலே எப்படிங்க சொல்றீங்க?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு மேடம்?" என்றார். பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன். இந்த மாதிரி புரோகிராம் எழுதுகிறவள் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த மாதிரி புரோகிராமால் ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்ப வைத்தவள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செங்கல்பட்டு லேபில் நீங்கள் முதல் கவுண்டர். வருகிறவரின் பெயர், வயது, என்ன டெஸ்ட் என்று கேட்டு அடித்துச் சேமித்தால், புரோகிராம் அவருக்கு ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணைத்தான் ரத்தக் குழாயில் ஒட்டுவார்கள். முடிவும் அந்த எண்ணோடுதான் சேரும். அந்தப் புரோகிராம் நான் எழுதியது. திருக்கழுக்குன்றத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறரைக்கெல்லாம் நீங்கள் வந்துவிடுவீர்கள். நான் பத்து மணிக்கு என் ஆபீசில் போய் உட்காருவேன். நீங்கள் என்னை விட நாலைந்து வயது பெரியவர், ஆனாலும் கடைசி வரைக்கும் "மேடம்" என்றுதான் கூப்பிட்டீர்கள். நான் ஒரு நாளும் வேண்டாமென்று சொல்லவில்லை.

கூட்டம் அதிகமானதும் இரண்டாவது கவுண்டர் போட்டு கலாவை உட்கார வைத்தார்கள். அந்த வாரமே போன் செய்தீர்கள். "மேடம், ஸ்கிரீன்ல ஒரு பொட்டி வருது. இந்த நம்பர் ஏற்கெனவே கீதுன்னு இங்கிலீஷ்ல சொல்லுது. ஓகே குடுத்தா மறுபடியும் முதல்லேர்ந்து அடிக்க வேண்டியதா கீது."

எங்கள் முதலாளியிடம் சொன்னேன். "கஸ்டமர் முன்னாடி எர்ரர் வந்தா அசிங்கம்மா. அந்தப் பொட்டி வராம பண்ணிடு" என்றார். பண்ணினேன். எப்படித் தெரியுமா? ஒரே எண்ணை இரண்டு தடவை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று, பதிவுகளைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேசில் ஒரு தடை இருந்தது. அதை எடுத்துவிட்டேன். மூன்று நிமிஷ வேலை. அந்தப் பெட்டி உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதன் வாயை அடைத்தேன். நன்றி சொல்லிப் போனை வைத்தீர்கள்.

பிறகு ஒரு மாதம் போயிருக்கும். "மேடம், ரெண்டு பேருக்கு ஒரே நம்பரு வுழுந்துகீது" என்றீர்கள். மத்தியானம் மூன்று மணிக்கு என் ஆபீசிலிருந்தே உங்கள் திரையைத் திறந்து பார்த்தேன். பத்து பெயர் அடித்தேன், பத்துக்கும் பத்து எண் வந்தது. "சரியாத்தானே இருக்கு? பாத்து அடிங்கக்கா" என்றேன். அடுத்த வாரமும் கூப்பிட்டீர்கள். இந்தத் தடவை பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைப் படித்தீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் யார் பெயர், அந்த நேரம் கலா என்ன செய்துகொண்டிருந்தாள், எல்லாம். "எல்லாமே ஏழுலேர்ந்து எட்டரைக்குள்ளதான் மேடம். நானும் கலாவும் ஒண்ணா சேவ் அடிச்சாதான் வருது. தனியா அடிச்சா வரல."

நோயை அப்படியே கையில் எடுத்துக் கொடுத்தீர்கள், அக்கா. இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்த எவரும் எனக்கு அவ்வளவு சுத்தமாக ஒரு தப்பை எழுதிக் கொடுத்ததில்லை. நான் என்ன செய்தேன்? மறுபடியும் மத்தியானம் மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஊர் முழுக்க வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் நேரம் உங்களுடையது. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் பார்க்கும் நேரம் என்னுடையது. என் நேரத்தில் அந்தத் தப்பு வராததால் அப்படி ஒரு தப்பே இல்லை என்று முடிவு கட்டினேன். "என் மிஷின்ல வரலையே" என்றேன். எங்கள் தொழிலில் இதை விட ஆணவமான வாக்கியம் இல்லை. தினமும் யாராவது யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவில்லை. தினமும் பதினொரு மணிக்கு நீங்களாகவே பட்டியலை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்து, இரண்டாக விழுந்த எண்களைக் கண்டுபிடித்து, ஆளைத் திரும்ப வரவழைத்து ரத்தம் எடுக்க வைத்திருக்கிறீர்கள். இதெல்லாம் கலா சொல்லிப் பின்னால்தான் எனக்குத் தெரியும். எத்தனை தடவை பிடித்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிடிக்காமல் விட்ட ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள்.

அது கஸ்தூரியுடையது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வந்த பெண், ஏழு மாதக் கர்ப்பம். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. ஆனால் அவளுக்கும் கலாவின் கவுண்டரில் நின்ற ஒரு ஆளுக்கும் ஒரே எண் விழுந்து, அவருடைய முடிவு இவளுடைய தாளில் அச்சாகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறதென்று அனுப்பினார். பத்து நாளில் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். ரத்தம் ஏற்றி, குழந்தையைக் குறை மாதத்திலேயே எடுத்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தது பெரிய விஷயம்.

அவள் வீட்டு ஆட்கள் லேபுக்கு வந்து நின்றார்கள். நியாயமான கோபம். லேப் முதலாளி எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "மேடம், உங்க சாஃப்ட்வேர்ல எதாவது தப்பு கீதா? இப்பவே சொல்லுங்க." என் முதலாளி எனக்கு எதிரே உட்கார்ந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். நான் சொன்னேன்: "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல சார். ஆப்பரேட்டர் மிஸ்டேக்கா இருக்கும்."

அந்த ஸ்பீக்கருக்கு ஓரடி தூரத்தில் நீங்கள் நின்றிருந்தீர்களாமே. "நான் மேடம்கிட்ட சொன்னேன் சார், மூணு வாட்டி சொன்னேன்" என்றீர்களாம். எனக்கும் கேட்டது அக்கா. போனை வைத்துவிட்டேன்.

எல்லோர் முன்னாலும் உங்களை மன்னிப்புக் கேட்க வைத்து, தப்பாக அடித்துவிட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். ஏழு வருஷம் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவரை!

அதன்பிறகுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை ஏழு மணிக்கே லேபுக்குப் போனேன். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், பக்கத்தில் கலா. ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிச் சேர்ந்து சேமித்தோம். மூன்றாவது தடவை இரண்டு திரையிலும் ஒரே எண். கலா என் முகத்தைப் பார்த்தாள். 

காரணம் என்ன பெரிய காரணம்! கடைசியாக எந்த எண் கொடுத்தோம் என்று பார்த்து, அதோடு ஒன்றைக் கூட்டிப் புதியவருக்குக் கொடுக்கும்படி எழுதியிருந்தேன். ஒரு கவுண்டர் இருந்தவரை சரி. இரண்டு பேர் ஒரே நொடியில் பார்த்தால் இருவருக்கும் தெரிவது ஒரே கடைசி எண்தான். கம்ப்யூட்டர் படிப்பின் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பிழை. எண் கொடுக்கும் வேலையை டேட்டாபேசிடமே விட்டு, எடுத்த தடையைத் திரும்பப் போட்டேன். இருபது நிமிஷம். வாடிக்கையாளருக்குப் போகும் குறிப்பில் "சிறு மேம்பாடுகள்" என்று எழுதச் சொன்னார் என் முதலாளி. எழுதினேன். ஒரு குழந்தை குறை மாதத்தில் பிறந்ததற்கும் ஒரு பெண்ணின் வேலை போனதற்கும் நான் வைத்த பெயர் சிறு மேம்பாடுகள்.

திருக்கழுக்குன்றத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்த உங்களைத் தேடி வந்து சொன்னேன். அழுவீர்கள், திட்டுவீர்கள் என்று நினைத்தேன். மிஷினிலிருந்து வந்த தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "கண்டுபுடிச்சிட்டீங்களா மேடம்? நல்லது. லேப்லயும் அந்தப் பொண்ணு வூட்லயும் சொல்லிட்டீங்களா?" என்றீர்கள். சொல்கிறேன் என்றேன். ஒரு வருஷம் போனது. இன்னொன்றும் போனது. வேலை, வீடு, பிள்ளையின் பரீட்சை என்று எனக்கு எப்போதும் ஒரு சாக்கு இருந்தது.

பிறகு கலாவிடமிருந்து செய்தி வந்தது. மூளையில் ரத்தம் கசிந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்றும், போய்விட்டீர்கள் என்றும். பதினாறாம் நாளுக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோவை ஓரமாக விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று தெரியாமலே சொன்னார்: "எம் பொஞ்சாதி மாத்தி அடிச்சதால ஒரு புள்ளத்தாச்சி செத்துப் பொழைச்சுதுன்னு சாவுக்கு வந்தவங்ககூட பேசிகினு இருந்தாங்கம்மா."

மறுநாள் அந்த இரண்டு பதிவுகளையும் பழைய பேக்கப்பிலிருந்து அச்செடுத்துக்கொண்டு லேப் முதலாளியிடம் போனேன். ஒரே எண், ஒரே நொடி, இரண்டு வேறு கவுண்டர். இதை வைத்து, அந்த அம்மா மேல் தப்பில்லை என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். "இப்பதான் சரியா ஓடுதே மேடம். அந்தம்மாவே போயிட்டாங்க. இனிமே லெட்டர் குடுத்து இன்னா ஆவப் போவுது?" என்றார். உயிரோடு இருந்தபோது எழுதி வாங்கியதை மட்டும் ஃபைலில் பத்திரமாக வைத்திருக்கிறார். என் முதலாளியோ, ஒரு கிளையண்டைக் கெடுத்துவிட்டாய் என்று குதித்தார். ராஜினாமாவை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. வைக்க வேண்டிய நாளில் வைக்கவில்லையே.

அடுத்த நாள் குப்பத்துக்குப் போனேன். கஸ்தூரி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டரை வயதுப் பெண் குழந்தை பக்கத்தில் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தது. நின்றபடியே சொல்லிவிட்டேன். புரோகிராம் என்னுடையது, தப்பு என்னுடையது, அந்த அக்கா மேல் தப்பில்லை என்று. கஸ்தூரியின் மாமியார்தான் முதலில் பேசினார். "அன்னிக்கு அந்தம்மா என் கையப் புடிச்சிகினு, 'நான் இல்லம்மா, நம்பரு மாறிப்போச்சு'ன்னு சொல்லிச்சு. நான் கையத் தட்டிவுட்டு வாயில வந்தபடி பேசிட்டேனே!" கஸ்தூரி கத்தியைக் கழுவி வைத்தாள். "அவங்க வூடு எங்க கீது?" என்று மட்டும் கேட்டாள்.

நீங்கள் இறந்துவிட்டதை நான் அப்போதுதான் சொன்னேன். அப்படியும் கிளம்பினார்கள். குழந்தையோடு நாங்கள் நால்வரும் பஸ் ஏறி உங்கள் தெருவுக்கு வந்தோம். மாமியார் வீட்டுக்குள் போகவில்லை. நடுத்தெருவில் நின்று, உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "உம் பொஞ்சாதி மேல ஒரு தப்பும் இல்லியாம் நைனா. நாங்க பேசினதெல்லாம் பொய்யி. தப்பு இந்தம்மா மேல." கை என்னை நோக்கி நீண்டிருந்தது. கதவுகள் திறந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாங்க, என் மேலதான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லு" என்றார் மாமியார். சத்தமாகச் சொன்னேன்.

நான் செய்த தப்புக்கு அப்படி நிற்பதே எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. செய்யாத தப்புக்கு நீங்கள் நின்றீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். எனக்கும் கொடுத்தார். உங்கள் மகள் மட்டும் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எங்கம்மா உசுரோட இருந்த ரெண்டு வருஷமும் அவங்க போன் நம்பரு உங்ககிட்ட இருந்துச்சு இல்ல?"

இருந்தது அக்கா. இப்போதும் இருக்கிறது.