கூகைச் சரிவில் நில்லாத மின்மிதிவண்டி குறித்து மூங்கிற்குன்றத்து வேளுக்கு விடுத்த ஓலை

அருவிகளின் விழுவிசையை மின்விசையாக்கி மலைக்கும் கரைக்கும் ஒப்பப் பகிர்ந்தளித்து ஆழிநாட்டைக் காத்துவரும் பேரரசி திருமாமணியாரின் ஆணை மோதிரம் தாங்கி, வழித்துறை அமைச்சன் எயினன் வெண்பூதன், கூகைச் சரிவின் அடிவாரப் பாசறையிலிருந்து எழுதுவது. மூங்கிற்குன்றத்துக் கோமான், வடதிசைக் கணவாய்க் காவலர், வேள் நன்னாகனார் காண்க. தங்கள் குன்றில் மழை பொழிக. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் மாளிகையில் எழுந்த அழுகுரலே இம்மலை கேட்கும் கடைசி அழுகுரலாக அமைக.

துக்க முறைப்படி தாங்கள் கோட்டைக் கதவை அடைத்திருப்பதால், நேரில் வந்து தங்கள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஓலையில் சொல்ல நேர்ந்தது. பொறுத்தருள்க.

தங்கள் திருமகள் நீலங்கோதையார், காய்ச்சல் கண்ட மலையூர்களுக்கு மருந்துப் பெட்டியோடு புறப்பட்டு, புதிய மின்மிதிவண்டியில் கூகைச் சரிவில் இறங்குகையில் வண்டி நில்லாமல் பாறையில் மோதி உயிர்நீத்தார். வண்டியைச் செய்த பொறிவினைப் பெண் சேந்தி தங்கள் சிறையில் இருக்கிறாள். முழுநிலா நாளில் அவளை அதே சரிவின் தலையிலிருந்து உருட்டவும், குன்றிலுள்ள மின்மிதிவண்டிகள் அனைத்தையும் நெற்களத்தில் குவித்துக் கொளுத்தவும் பேரரசியார் இசைவு தர வேண்டும் என்பது தங்கள் ஓலை. உண்மையைக் கண்டு இசையவோ மறுக்கவோ என்னை அனுப்பினார் பேரரசியார். முழுநிலாவுக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. ஆகவே சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன்.

சேந்தியைச் சிறைச்சாளரத்தின் வழியே வினவ இசைந்தீர்கள். அவள் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் சொல்லவில்லை. வண்டி தன் கையால் ஆனது, அது நிற்கவில்லை, ஆகவே தன் கைதான் பிழைத்திருக்க வேண்டும், இளவரசியம்மாவின் முகத்தைப் பார்த்து வண்டி கொடுத்தவள் இனி எந்த முகத்தோடு வெளியே வருவது என்றாள். தானே ஒப்புக்கொண்டாளே என்று தங்கள் அவையோர் கூறுகின்றனர். துயரத்தில் ஒருவர் ஒப்புக்கொள்வதைப் பொறியும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? ஆகவே பொறியைக் கேட்டேன்.

தங்கள் மகள் கண்மூடித்தனமாக வேகவண்டி ஒன்றைத் தேர்ந்ததாக அவையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். நாள்தோறும் ஏறப்போகும் வண்டியை எப்படித் தேர வேண்டும் என்று கேட்போர்க்கு இனி அவரைத்தான் எடுத்துக்காட்டுவேன். உள்ளூர்ச் சந்தையில் மினுக்கிய வண்டிகளை விட்டு, இருக்கையில் அமர்ந்தால் இரு பாதமும் தரையைத் தொடும் வண்டியைக் கேட்டார். மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோட்டைப் படிகளில் தம் கையால் தூக்கிப் பார்த்தார். விசைப்பொறி சக்கரத்தின் நடுவில் இருப்பதா, மிதிகளின் நடுவில் இருப்பதா என்று வினவி, மிதிநடுவில் இருப்பதையே கொண்டார். அது சரி, ஏனெனில் மிதிநடுப் பொறி சங்கிலியை இழுப்பதால், ஏற்றத்தில் பின்சக்கரத்தின் பெரிய பல்வட்டுக்கு மாற்றிக்கொண்டு மூச்சு வாங்காமல் ஏறும், சக்கரநடுப் பொறியோ நெடுஏற்றத்தில் சூடேறித் தளரும். மின்கலப் பேழை ஒருமுறை நிரம்பினால் எவ்வளவு வழி போகும் என்று வணிகர் சொன்னதில் பாதியை மட்டுமே நம்பினார். வணிகர் சொல்வது சமவெளியில் மெலிந்தவர் ஓட்டிய கணக்கு, மலை மீதியைத் தின்றுவிடும் என்று அவரே சேந்தியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். பேழையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் நிழலில் மின்னூட்ட முடியுமா என்றும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் முன்னதாக அவர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அதை இவ்வோலையின் முடிவில் சொல்கிறேன்.

இவ்வளவும் செய்தபின், வாங்குமுன் பல நாள் அதே வண்டியில் அதே கூகைச் சரிவில் பெட்டியோடு இறங்கி ஏறினார். மூங்கில் வெட்டுவோர் கண்டிருக்கின்றனர். ஒவ்வொரு முறையும் நினைத்த இடத்தில் வண்டி நின்றது. ஆகவே யான் தேடியது, நின்றுகொண்டிருந்த வண்டி நில்லாது போக இடையில் நடந்தது என்ன என்பதை.

பொறிக்குப் பேய் பிடித்துத் தானே ஓடியது என்கிறார்கள் காவலர். உடைந்த வண்டியின் பொறியைத் திறந்து பார்த்தேன். மிதி சுழன்றால்தான் அது விசை தரும். வண்டியை நிறுத்தும் தடைப்பிடியைத் தொட்டாலே விசை அறுந்துவிடும். அவ்விரண்டும் இன்றும் செவ்வனே இயங்குகின்றன. பேழையில் பாதிக்கு மேல் மின் இருந்தது. சங்கிலி அறவில்லை. தடைப்பிடிகள் இரண்டும் கைப்பிடியோடு ஒட்டும்வரை வளைந்திருந்தன. அவ்வளவு வலிமையாக அவர் இழுத்திருக்கிறார். இழுத்தும் வண்டி நிற்கவில்லை.

தடை எப்படி இயங்குகிறது என்று சொல்லியாக வேண்டும்; ஏனெனில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கை அகலத்தில் எஃகுத் தட்டு ஒன்று சுழல்கிறது. அதன் இருபுறமும் சிறிய கட்டைகள் இரண்டு. பிடியை இழுத்தால் கட்டைகள் தட்டை நெருக்கும். உராய்வில் வேகம் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும். வண்டியை நிறுத்துவது முழுக்க அந்த உராய்வே. மாட்டுவண்டி சரிவில் இறங்கும்போது மாடு பின்வாங்கித் தாங்கும். இவ்வண்டிக்கு அப்படித் தாங்க யாருமில்லை. மிதிநடுப் பொறி இறக்கத்தில் ஓய்ந்திருக்கும். சுமை முழுவதையும் அந்த நான்கு கட்டைகளே பிடிக்க வேண்டும். தட்டும் கட்டையும் உலர்ந்திருக்கும் வரை அவை பிடிக்கும்.

உடைந்த வண்டியின் கட்டைகளை மூக்கருகே பிடித்தேன். நல்லெண்ணெயும் பச்சைக் கற்பூரமும் மணத்தன.

எங்கள் சமவெளியில் புதுவண்டிக்கு ஒரு மாலை போடுவதோடு சரி. தங்கள் குன்றின் வழக்கத்தை வாயில் காவலர் கடம்பனாரிடம் கேட்டறிந்தேன். வாள், கலப்பை, தொட்டில், கதவு என எது புதிதாக வீடு புகுந்தாலும், வீட்டுத் தலைவர் தம் கையால் பச்சைக் கற்பூரம் கலந்த நல்லெண்ணெயில் அதற்கு எண்ணெய்க்காப்பு இடுவார் என்றார். அன்று காலை இளவரசியார் வாயிலைக் கடக்கையில் நடந்ததையும் சொன்னார். வண்டி மணப்பெண்ணைப் போல மினுங்குகிறதே, மாப்பிள்ளை யார் தாயே என்று இவர் கேலி செய்ய, அப்பா இதற்குத் தலைமுழுக்கே ஆட்டிவிட்டார் மாமா, என் தலைக்குக்கூட இவ்வளவு எண்ணெய் வைத்ததில்லை, பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துப் போனாராம். இதைச் சொல்லிவிட்டுக் கடம்பனார் கையிலிருந்த ஈட்டியைக் கீழே வைத்து அழுதார். அந்த எண்ணெய் என்ன செய்தது என்று அப்போது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

வேளே, இதைத் தங்களுக்கு எழுதாமல் விட வழி தேடினேன். எண்ணெய் யார் இட்டது எனத் தெரியவில்லை என்று எழுதி, வேறொரு பொய்க் காரணத்தால் சேந்தியை விடுவிக்கலாமா என்று எண்ணினேன். ஆனால் அன்று அதே குடத்து எண்ணெயில் காப்புப் பெற்ற மருத்துவச்சியரின் வண்டிகள் தங்கள் கொட்டிலில் நிற்கின்றன. காரணத்தை மறைத்தால் இன்னொரு வீட்டில் இன்னொரு தந்தை அன்பு மிகுந்து சக்கரத்துக்கும் எண்ணெய் ஊற்றுவார்.

ஐயத்துக்கு இடமின்றி அறிய, சேந்தியின் பட்டறையில் காப்பு பெறாத வண்டி ஒன்றை எடுத்து, பெட்டியின் எடைக்கு மணல்மூட்டை கட்டி, சரிவின் கீழ்க்கூறில் யானே இறங்கினேன். நின்றது. பின்பு சக்கர நடுவில் எண்ணெய் ஊற்றிச் சிறிது தூரம் உருட்டினேன். சேற்றில் ஓடும் சக்கரம் சேற்றை வெளியே வீசுவது போல, சுழற்சி அந்த எண்ணெயைத் தட்டு முழுதும் பரப்பியது. மறுபடி இறங்கினேன். பிடியை எலும்பு வலிக்க இழுத்தும் வண்டி என் பிடிக்கு அடங்கவில்லை. வழியில் அடுக்கியிருந்த வைக்கோற்போர்தான் நிறுத்தியது. சமதரையில் இது தெரியாது. தங்கள் முற்றத்தில் அவர் ஒரு சுற்றுச் சுற்றியபோது வண்டி தானாகவே தளர்ந்து நின்றிருக்கும். ஆகவே அவரும் அறியவில்லை, தாங்களும் அறியவில்லை.

இன்னொன்றும் தங்களுக்கு உரியது. சரிவின் நடுவில் மூங்கில் வெட்டுவோர் கூட்டமாக வழியில் நின்றிருந்தனர். விலகுங்கள், நிற்காது, விலகுங்கள் என்று அவர் கூவியதை அனைவரும் கேட்டனர். சிலரால் விலக முடியவில்லை. அவர்கள் மேல் ஏறாதபடி அவர் தாமே பாறைப்பக்கம் திருப்பினார். சக்கரத்தடம் அதைத்தான் சொல்கிறது.

எனவே பேரரசியாரின் பெயரால் ஆணையிடுவது. நெற்களத்தில் தீ மூட்டற்க. மின்கலப் பேழை தீயில் வெடிக்கும், நீருக்கு எளிதில் அடங்காது, அதன் புகை நஞ்சு, களத்தை அடுத்திருப்பது தங்கள் குடிகளின் ஓராண்டு உணவு. கொட்டிலில் நிற்கும் வண்டிகளில் ஒருவரும் ஏறற்க. காப்பு இனி கைப்பிடிக்கு மட்டுமே, அதுவும் ஒரு விரல் தொட்டு, சக்கரத்தைத் துணியால் போர்த்திய பின் இடப்படுக. இதைப் பறையறைந்து அறிவிக்க. யாருடைய கை என்பதைப் பறை சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் தங்களுக்கு.

எண்ணெய் குடித்த கட்டைகளைக் கழுவித் திருத்த முடியாது. சாம்பலால் தேய்த்தாலும் சுடுநீரில் இட்டாலும் உள்ளே ஊறியது மறுபடி வெளியே கசியும். அவற்றை எறிந்துவிட்டுத் தட்டைத் துடைத்துப் புதிய கட்டைகள் பூட்ட வேண்டும். அதுவரை மருத்துவச்சியர் நடந்துதான் போக வேண்டும். காய்ச்சல் கண்ட ஊர்கள் காத்திருக்கின்றன. குன்றில் அவ்வேலை தெரிந்தவர் ஒருவரே.

தங்கள் மகள் முதலில் கேட்ட கேள்வியை இப்போது சொல்கிறேன். வண்டி எவ்வளவு விரைவாகப் போகும் என்று அவர் கேட்கவில்லை. பழுதானால் யார் பழுது பார்ப்பார், அவர் எவ்வளவு தொலைவில் இருப்பார் என்று கேட்டார். சமவெளியில் இருந்த சேந்தியின் பட்டறை, அந்தக் கேள்விக்காகவே சரிவின் அடிவாரத்துக்கு இடம் பெயர்ந்தது. வண்டியோடு சேர்த்து அவர் தேர்ந்தெடுத்தது அவளையும்தான்.

எண்ணெயின் மேல் பழியில்லை. கீறிய எழுத்து தங்கள் கண்ணுக்குத் தெரிய இவ்வோலையின் மேல் மையோடு தடவியதும் அதே எண்ணெய்தான். எங்கே இடுவது, எங்கே இடாதிருப்பது என்பது மட்டுமே இனி நம் கையில் இருக்கிறது.

மோதிரம் பதித்து, அரக்கிட்டு, கடம்பனார் கையில் கொடுத்தனுப்பினேன். இவ்வோலை எட்டிய பொழுதே சேந்தி விடுவிக்கப்படுக. தாங்களே சென்று திறத்தல் நன்று. சிறைப்பூட்டு துருவேறியிருப்பின், காப்புக் குடத்தில் மிஞ்சியதை அங்கே ஊற்றுக.