எட்டாம் கட்டிலின் வாளி

ஏப்ரல் 11
டாக்காவில் வெயில் ஏற ஏற வார்டு நிரம்புகிறது. எட்டாம் கட்டிலில் சோஹாக். ஒன்றரை வயது. பதினாறு நாள் வயிற்றுப்போக்கு. என் ஆய்வில் சேர்த்தேன்: கஞ்சியில் மசித்த வாழைக்காய். அதன் மாவுச்சத்து பெருங்குடலில் புளித்துச் சிறு கொழுப்பு அமிலங்களாகும். அவை உப்பை உடம்புக்குள் இழுக்கும். உப்போடு நீரும் போகும். தாளில் எளிது.

"வாழைக்காய் குடுக்கவா இம்புட்டுப் படிச்சீங்க, டாக்டர் ஆபா?" என்றாள் அவன் அம்மா மொமேனா. இங்கே அக்காவுக்கு ஆபா.

ஏப்ரல் 12
கட்டிலின் ஓட்டைக்குக் கீழே உள்ள வாளியில் சேர்ந்த மலநீர், ஒரு நாளில் 1200 மில்லி. இழந்த அளவு சொட்டுநீர் ஏற்றுகிறோம்.

ஏப்ரல் 13
மாலை வரை 150! அமிலங்கள் வேலை செய்கின்றன. இவ்வளவு சீக்கிரமா? ஏன் கூடாது? சொட்டைக் குறைக்கச் சொன்னேன்.

"கண்ணு குழிஞ்சிருக்கே, டாக்டர்," என்றாள் நர்ஸ் நிலூஃபா.

"வாளியைப் பாருங்க."

ஏப்ரல் 14
காலையில் நாடி கிடைக்கவில்லை. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கிறது. வாளி பளபளவென்று — காலி.

வேகமாக நீர் ஏற்ற இன்னொரு ஊசி; நிலூஃபாவுக்கு மூன்றாவது குத்தில்தான் நரம்பு கிடைத்தது. மொமேனா சுவரோரம் நின்றாள்.

"நாந்தான் கொட்டுனேன் ஆபா. நேத்துல இருந்து நாலஞ்சு தடவ. வருசம் பொறக்கறப்போ புள்ளைக்குக் கீழ அசிங்கத்த வெச்சிருப்பாங்களா? தேச்சுக் கழுவி வெச்சேன்... தப்பா?"

தப்பு யாருடையது? அமிலங்களைப் பற்றி அவளுக்கு விளக்கிச் சம்மதக் கைநாட்டு வாங்கினேன். வாளியைத் தொடாதே என்று சொன்னேனா? இல்லை. குழிந்த கண்ணை நிலூஃபா காட்டினாள். நான் எண்ணைப் பார்த்தேன். ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்.

ஏப்ரல் 15
நாடி இருக்கிறது. சிறுநீர் இல்லை. அழுகிறான், கண் வறண்டே இருக்கிறது.

ஏப்ரல் 16
ஆய்வேட்டில் எழுதினேன்: "எட்டாம் கட்டில் அளவுகள் செல்லா. தாய்க்குச் சொல்லாதது என் தவறு. அந்த அளவை நம்பிச் சொட்டைக் குறைத்ததும் நானே." மொமேனாவிடமும் சொன்னேன்.

வாழைக்காய் நீர் போவதைக் குறைக்கிறதா? இன்னும் தெரியாது.

மதியம் நரம்பு ஊசியை நான் மாற்றும்போது சோஹாக் வார்டு அதிரக் கத்தினான்.

"குத்துனது டாக்டர், உதை எனக்கா, படவா?" — நிலூஃபா.

மொமேனா அவன் கன்னத்தைத் தடவினாள். விரலைப் பார்த்தாள். பிறகு என் முன் நீட்டினாள்.

ஈரம்.